வன்தட்டு பழுதா, வயர் பழுதா? லினக்ஸ் கணினியில் இணைப்புப் பிழைகளை இனங்காணுதல்

சென்ற மார்கழியில், ஸ்காபரோவில் உள்ள எமது வீட்டு பேஸ்மென்ற்றில் ஒரு பழைய கணினி மக்கர் பண்ணத் தொடங்கியது. முற்றாக நிற்கவில்லை. படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்தால் அரை நிமிடம் அசையாது. பிறகு நாலைந்து படம் வரும். பிறகு மறுபடியும் உறைந்துவிடும். அந்தக் கணினியின் வன்தட்டில்தான் (எல்லோரும் சொல்லும் ‘ஹாட் டிஸ்க்’) அப்பா காலமாவதற்கு முந்தைய வருடம் நாம் எடுத்த மூன்று மணி நேர ஒலிப்பதிவு இருந்தது. பிறந்த வீடு, கிணற்றடி, 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட இரவு என்று அவர் சொல்லச் சொல்லப் பதிந்தது. அதற்கு வேறு பிரதி இருக்கவில்லை.

கணினியை அப்படியே தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனோம். அங்கிருந்த தம்பி இயக்கிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் தலையை ஆட்டினார். “அண்ணை, டிஸ்க் செத்துப்போச்சு. உள்ளுக்கை இருக்கிறது வேணுமெண்டால் வெளியிலை அனுப்பவேணும், ஆயிரம் டொலருக்கு மேலை வரும்.” வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா ஒன்றைத்தான் கேட்டார்: “அப்பான்ரை குரலும் போட்டுதோ?”

அன்றிரவு கணினியின் பதிவேட்டை ஆறுதலாக இருந்து வாசித்தோம். பழுது வன்தட்டில் இல்லை. தாய்ப்பலகைக்கும் வன்தட்டுக்கும் இடையில் ஓடிய, பத்து டொலர்கூடப் பெறாத சிவப்பு வயரில் இருந்தது. வயரை மாற்றினோம். மூன்று மணி நேரப் பதிவும் ஒரு சொல் குறையாமல் வந்தது.

இது நல்ல முடிவு. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் இதே வீட்டில் வேறொரு வன்தட்டில் கெட்ட முடிவொன்றும் நடந்தது. அப்போது நாம் வயரைச் சந்தேகித்தோம். உண்மையில் செத்துக்கொண்டிருந்தது தட்டு. இரண்டையும் அனுபவித்தபின், யாருக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறோம்.

விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்த பிறகு, பழைய கணினியை எறிய மனமில்லாமல் உபுண்டு, மின்ற் போன்ற லினக்ஸ் வகைகளுக்கு மாறியவர்கள் எமக்குத் தெரிந்த வட்டத்திலேயே சிலர் இருக்கிறார்கள். பத்து வருடம் ஓடிய கணினியில் வயரும் பழையது, தட்டும் பழையது. லினக்ஸில் ஒரு நன்மை: தவறு நடந்தால் அது மறைப்பதில்லை. என்ன நடந்தது என்று வரிவரியாக எழுதி வைக்கும். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கணினி காட்டும் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம். கணினியில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்; கட்டளைகள் சிற்றெழுத்தில் இருக்கும். தேவையான இடத்தில் எழுத்துக்கூட்டியும் தந்துள்ளோம்.

செய்யக்கூடாத மூன்று

முதலாவது, தட்டு சரியாக வேலைசெய்கிறதா என்று பார்க்க மீண்டும் மீண்டும் நிறுத்தி நிறுத்தி இயக்க வேண்டாம். தட்டு பழுதென்றால் ஒவ்வொரு தொடக்கமும் அதன் ஆயுளைக் குறைக்கும்.

இரண்டாவது, ‘எஃப்எஸ்சிகே’ என்ற கோப்பு முறைமை திருத்தும் கட்டளையை உடனே ஓட்ட வேண்டாம். பிழை கூடினால் லினக்ஸ் அந்தத் தட்டை ‘வாசிக்க மட்டும்’ என்ற நிலைக்கு மாற்றிவிடுவது உண்டு. அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. உங்கள் கோப்புக்களைக் காப்பதற்காகவே அப்படிச் செய்கிறது. எஃப்எஸ்சிகே தட்டில் எழுதித்தான் திருத்தும். வயர் நடுங்கும்போதோ தட்டு உதிரும்போதோ எழுதினால் இருப்பதும் குழம்பும்.

மூன்றாவது, லினக்ஸில் பாவித்த தட்டைக் கழற்றி உறவினரின் விண்டோஸ் கணினியில் செருகினால், ‘பாவிப்பதற்கு முன் ஃபோர்மட் செய்ய வேண்டும்’ என்று அது கேட்கும். லினக்ஸின் கோப்பு முறைமை விண்டோஸுக்குப் புரியாததால் கேட்கும் கேள்வி அது. ஆம் என்று அழுத்திவிடாதீர்கள்.

வயர் எப்படிப் பேசுகிறது

தொண்ணூறுகளில் இங்கிருந்து கோலிங் காட் சுரண்டி ஊருக்குப் பேசியவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். மறுமுனையில் ஆள் சுகமாகத்தான் இருப்பார். லைன் இரையும், பாதிச் சொல் விழும். “கேக்குதோ? திருப்பிச் சொல்லுங்கோ” என்போம். கேட்காவிட்டால் மெதுவாகப் பேசுவோம். அதுவும் சரிவராவிட்டால் வைத்துவிட்டு மறுபடி எடுப்போம். கணினியும் வன்தட்டும் இதைத்தான் செய்கின்றன.

வீட்டுக் கணினிகளில் 2003 அளவில் தொடங்கிப் பரவிய இணைப்பு முறைக்கு ‘சாட்டா’ என்று பெயர். தரவு வயரில் 7 ஊசிகளும் மின் வயரில் 15 ஊசிகளும் உண்டு. தரவு வயர் ஒரு மீற்றருக்கு மேல் நீளக்கூடாது. அதன் வேகம் மூன்று படிகளில் வந்தது: நொடிக்கு 1.5, 3, 6 ஜிகாபிற். அனுப்பும் ஒவ்வொரு பொதியின் முடிவிலும் ‘சிஆர்சி’ என்ற சரிபார்ப்பு எண் ஒன்று சேர்க்கப்படும். பெறுபவர் தானும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார். எண் பொருந்தாவிட்டால் வழியில் ஏதோ சிதைந்திருக்கிறது என்று பொருள். பொதி திருப்பி அனுப்பப்படும்.

ஆகவே சிஆர்சி பிழை என்றால், தட்டில் எழுதியிருப்பது கெட்டுவிட்டது என்பதல்ல. அது வந்த வழி சரியில்லை என்பதுதான். இதற்கு நேரெதிரானது ‘மீடியா’ பிழை. அதில் லைன் தெளிவாக இருக்கும். மறுமுனையில் இருப்பவருக்குத்தான் நினைவு தப்பிவிட்டது.

பதிவேட்டை வாசித்தல்

கொன்ட்ரோல், ஒல்ட், ரி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் டேர்மினல் திறக்கும். முதலில் ‘எல்-எஸ்-பி-எல்-கே’ என்று அடியுங்கள். இணைந்திருக்கும் தட்டுக்கள் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களுடன் அளவும் சேர்ந்து வரும். இந்தப் பெயர்கள் நிரந்தரமல்ல. கணினியை மறுமுறை இயக்கும்போது மாறலாம். எனவே தட்டின் அளவையும், அதன் மேல் ஒட்டியுள்ள தொடரிலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

அடுத்து ‘டிமெசெஜ்’ (டி-எம்-ஈ-எஸ்-ஜி). முன்னால் ‘சூடோ’ (எஸ்-யு-டி-ஓ) சேர்த்தால்தான் பல கணினிகளில் அனுமதிக்கும். பின்னால் ஒரு இடைக்கோடும் பெரிய எழுத்து ‘ரி’யும் போட்டால், ஒவ்வொரு வரியும் எப்போது எழுதப்பட்டது என்பது தேதி, நேரமாக வரும். படம் உறைந்த அதே நேரத்தில் என்ன வரி விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

இயங்குதளம் இருக்கும் தட்டே பழுதென்றால் பதிவேடு அதில் சேமிக்கப்படாமலே போகலாம். திரையில் வரும்போதே கைபேசியால் படமெடுத்து வைப்பது நல்லது.

‘ஏரிஏ’ என்ற எழுத்துக்களும் ஓர் எண்ணும் சேர்ந்து தொடங்கும் வரிகளே நமக்கு வேண்டியவை. அவற்றில் ‘ஈமாஸ்க்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அடைப்புக்குள் ஒரு சிறு சொற்றொடர் இருக்கும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று:

1. ‘ஏரிஏ பஸ் எரர்’. லைன் இரைச்சல். பக்கத்தில் ‘ஐசிஆர்சி’ அல்லது ‘பாட்சிஆர்சி’ என்றும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், வழியில் சிதைந்திருக்கிறது. முதலில் வயரைப் பாருங்கள்.

2. ‘மீடியா எரர்’. பக்கத்தில் ‘யுஎன்சி’ என்றும் வரும். தட்டுத் தானே ‘இந்த இடத்தை என்னால் வாசிக்க முடியவில்லை’ என்று ஒப்புக்கொள்கிறது. வயரை மாற்றிப் பயனில்லை.

3. ‘டைம்அவுட்’. கேட்ட கேள்விக்கு மறுமொழி வரவில்லை. வயராக இருக்கலாம், மின்சாரமாக இருக்கலாம், தட்டாகவும் இருக்கலாம். மூன்றிலும் ஏமாற்றுவது இதுதான்.

இவற்றைத் தொடர்ந்து ‘ஹாட் ரீசெட்டிங் லிங்க்’ என்று வரும். போனை வைத்துவிட்டு மறுபடி எடுப்பது போன்றது இது. பல தடவை நடந்தால் ‘லிமிட்டிங் சாட்டா லிங்க் ஸ்பீட்’ என்ற வரியோடு வேகம் 6 இலிருந்து 3 ஆகக் குறையும்; கொஞ்சம் மெதுவாகப் பேசிப் பார்க்கிறது. ‘கொம்ரீசெட் ஃபெயில்ட்’ என்று வந்தால் மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை.

‘லிங்க்’ என்ற சொல்லைக் கண்டதும் வயர்தான் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் நாம் செய்த தவறு இதுதான். வீட்டுப் பாவனைக்கான வன்தட்டு ஒன்று, வாசிக்க முடியாத இடத்தில் மாட்டிக்கொண்டால் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகலாம். லினக்ஸோ வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் ‘டைம்அவுட்’ என்று எழுதி இணைப்பைத் துண்டித்து மறுபடி எடுக்கும். பதிவேட்டைப் பார்ப்பவருக்கு லைன் பிரச்சினை போலவே தெரியும். உண்மையில் மறுமுனையில் இருப்பவர் தேடிக் களைத்துப்போய் நிற்கிறார். எனவே பதிவேட்டை மட்டும் நம்பாமல் தட்டையே கேட்க வேண்டும்.

தட்டைக் கேட்டறிதல்

வன்தட்டுக்கள் தம் உடல்நிலையைத் தாமே குறித்து வைக்கின்றன. இந்த ஏற்பாட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். அதை வாசிக்கும் ‘ஸ்மார்ட்மொன்ரூல்ஸ்’ மென்பொருளை 2002 இல் தொடங்கியவர் புரூஸ் அலன். இவர் ஈர்ப்பு அலைகளை ஆராயும் பௌதிகவியலாளர். நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாக இணைத்து ஓட்டும்போது எந்தத் தட்டு எப்போது சாகும் என்று முன்கூட்டியே அறிய வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அந்தத் தேவையில் பிறந்த கருவி இன்று நம் பேஸ்மென்ற்றுக்கும் உதவுகிறது.

அதை நிறுவியபின் ‘சூடோ ஸ்மார்ட்சிடிஎல்’ என்று எழுதி, இடைக்கோடு ‘ஏ’ போட்டு, தட்டின் பெயரைக் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். மேலே ‘பாஸ்ட்’ என்று இருப்பதைக் கண்டு ஆறுதலடைய வேண்டாம். உதிர்ந்துகொண்டிருக்கும் தட்டும் ‘பாஸ்ட்’ என்று சொல்வதுண்டு. பட்டியலின் இடது ஓரத்தில் உள்ள இலக்கங்களில் நான்கைத் தேடுங்கள். ஒவ்வொன்றின் கடைசி நிரலிலும் இருக்கும் எண்தான் முக்கியம்.

5: பழுதென்று ஒதுக்கி, வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை.

197: வாசிக்க முடியாமல், முடிவு தெரியாமல் காத்திருக்கும் செக்டர்கள்.

198: தட்டுத் தானே சோதித்தபோதும் வாசிக்க முடியாத செக்டர்கள்.

199: வயர் வழியே வந்ததில் சிதைந்த பொதிகள், அதாவது சிஆர்சி பிழைகள்.

5, 197, 198 மூன்றும் தட்டைப் பற்றியவை. 199 வழியைப் பற்றியது. முதல் மூன்றும் சுழியமாக இருந்து 199 மட்டும் ஏறியிருந்தால், குற்றவாளி பெரும்பாலும் வயர், செருகி, துறை ஆகியவற்றில் ஒன்று. 197 நாளுக்கு நாள் ஏறினால் தட்டு போய்க்கொண்டிருக்கிறது. மற்ற வேலைகளை விட்டுவிட்டுப் பிரதியெடுங்கள்.

199 ஒருபோதும் இறங்காது. வயரை மாற்றிய பிறகும் பழைய எண் அப்படியே நிற்கும். அதைக் கண்டு ‘இன்னும் சரிவரவில்லை’ என்று நினைக்கக்கூடாது. எண்ணைக் குறித்து வைத்து, வயரை மாற்றி, ஒரு பெரிய கோப்பை வாசித்துப் பார்த்து, மறுபடி எண்ணைப் பாருங்கள். ஏறவில்லையென்றால் சரி. எமது தட்டில் அது 412 இல் நின்றது, இன்றும் 412தான்.

இன்னொரு வழியும் உண்டு. இதே கட்டளையால் தட்டுக்குள்ளேயே நீண்ட சோதனையொன்றை ஓட்டலாம். சில மணி நேரம் எடுக்கும். அந்தச் சோதனை முழுவதும் தட்டின் உள்ளே நடப்பது. தரவு வயரால் எதுவும் போவதில்லை. ஆகவே உள்சோதனை பிழையில்லாமல் முடிந்தும் கணினியால் வாசிக்கும்போது பிழை வந்தால், இடையில் உள்ள ஏதோதான் பழுது. ஆனால் 197 ஏற்கனவே ஏறியிருந்தால் இந்தச் சோதனையை ஓட்டவே வேண்டாம். செத்துக்கொண்டிருப்பவரை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவதுபோல் ஆகிவிடும். முதலில் பிரதி.

பெட்டியைத் திறந்தல்

கணினியை நிறுத்தி, சுவரிலிருந்து வயரைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் போய்விடும். ரொறன்ரோக் குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடும் வீடுகளில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும். கார்ப்பெற்றில் கம்பளிக் காலுறையுடன் நடந்து கதவுக் கைபிடியைத் தொட்டால் ‘சுள்’ளென்று அடிப்பதை எல்லோரும் அறிவோம். நமக்கு அது வெறும் சுள்ளாப்பு, மின்பலகைக்கு மரணமாகலாம். பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை முதலில் தொடுங்கள். வேலை செய்யும்போதும் இடையிடையே தொடுங்கள்.

இரவு முழுவதும் காரில் கிடந்த தட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் இயக்க வேண்டாம். கண்ணாடியில் படிவதுபோல் அதன்மீதும் ஈரம் படியும். பையால் சுற்றியபடியே சில மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள்.

இனி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வயர், துறை, மின்சாரம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது பழுது என்று ஒருநாளும் தெரியாது. நாம் கைக்கொள்ளும் வரிசை இது:

1. தரவு வயரின் இரு முனைகளையும் கழற்றி, நேராக, அழுத்திச் செருகுங்கள். இந்தச் செருகிகள் சுமார் 50 தடவை கழற்றிப் பூட்டுவதற்கே வடிவமைக்கப்பட்டவை. பழைய வயர்களில் பூட்டிக்கொள்ளும் சிறு உலோகக் கொளுவியும் இராது. சூட்டிலும் அதிர்விலும் மெல்ல மெல்ல நழுவும்.

2. அதே பிழை வந்தால் வயரை மாற்றுங்கள். கொளுவியுள்ள, தேவைக்கு மேல் நீளாத, கூர்மையாக மடியாத வயர் நல்லது.

3. தாய்ப்பலகையில் வேறு துறையில் செருகுங்கள். பிழை தட்டோடு கூடவே போகிறதா, பழைய துறையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். இன்னொரு தட்டு இருந்தால் அதைப் பழைய துறையில் பூட்டிப் பார்க்கலாம். அதற்கும் பிழை வந்தால் துறையே பழுது.

4. மின் வயரைப் பாருங்கள். இரண்டு மூன்று தட்டு ஒரே மின் வயரில் தொங்கினால், எல்லாம் ஒன்றாகச் சுழலத் தொடங்கும் நேரத்தில் மின்னழுத்தம் சரியலாம். பழைய நான்கூசிச் செருகியைச் சாட்டாவுக்கு மாற்றும் இணைப்பிகளில், பிளாஸ்ரிக்கை உருக்கி வார்த்த வகை உள்ளே குறுக்குச்சுற்றாகி எரிந்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. உங்கள் கணினியில் கருகிய மணமோ மஞ்சள் நிறமோ தெரிந்தால் அதை உடனே எறியுங்கள்.

வெளிப்பெட்டியில் விற்ற தட்டைக் கழற்றி எடுத்துக் கணினிக்குள் பூட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. அவற்றுள் சில, பழைய பவர் சப்ளையில் சுழலவே சுழலாது. மின் செருகியின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ற் வந்தால் ‘நிறுத்து’ என்று புரிந்துகொள்ளும் புதிய விதியொன்றைப் பின்பற்றுபவை அவை. செத்த தட்டுப் போலத் தெரியும். உண்மையில் அது கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நிற்கிறது.

வெளியில் செருகும் தட்டுக்கள்

எமது வீடுகளில் கூடுதலாக இருப்பது யூஎஸ்பியில் செருகும் சிறிய தட்டுத்தான். கலியாண வீடியோ முழுவதும் அதில்தான் கிடக்கும். இங்கே பதிவேட்டில் ‘ரீசெட் சூப்பர்ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்’ அல்லது ‘யூஎஸ்பி டிஸ்கனெக்ற்’ என்று வரும்.

இவ்வகைத் தட்டு மின்சாரத்தையும் அதே வயரால்தான் எடுக்கிறது. யூஎஸ்பி 2 துறை 500 மில்லி அம்பியர் தரும். யூஎஸ்பி 3 துறை 900 தரும். தட்டு சுழலத் தொடங்கும்போது அதைவிடக் கூடக் கேட்கலாம். எனவே கணினியின் முன்பக்கத் துறையையும், தனி மின்சாரம் இல்லாத ‘ஹப்’பையும் தவிர்த்து, பின்பக்கத்தில் தாய்ப்பலகையிலேயே உள்ள துறையில், குட்டையான வயரால் செருகிப் பாருங்கள். தட்டின் பக்கமுள்ள அகலமான செருகி இலகுவில் தளரும். அதனால் வயரை மாற்றுவது முதல் வேலை. பெரிய தட்டுக்களுக்குத் தனி அடப்ரர் உண்டு. அது 12 வோல்ற். வீட்டில் கிடக்கும் மடிக்கணினி அடப்ரரின் முனை பொருந்துகிறதே என்று செருகினால், 19 வோல்ற் போய்த் தட்டை ஒரே நொடியில் எரித்துவிடும். அடப்ரரில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டே செருகுங்கள்.

வெளிப்பெட்டிக்குள் யூஎஸ்பியைச் சாட்டாவாக மாற்றும் சிறு பலகை ஒன்று உண்டு. பல நேரங்களில் சாவது அதுதான். தட்டை வெளியே எடுத்து நேரடியாகப் பூட்டினால் வாசிக்கும். ஆனால் சில பெட்டிகளில் அந்தப் பலகையே தரவை மறையாக்கி எழுதுகிறது. சிலவற்றில் சாட்டாச் செருகியே இராது. பெட்டியை உடைக்கும் முன் அந்த மாதிரியின் விபரத்தைத் தேடிப் பாருங்கள்.

வயரும் நல்லது, தட்டும் நல்லது, ஆனாலும் பிழை வருகிறது என்றால் அமைப்பில் சில மாற்றம் உதவும். வேகத்தை நிரந்தரமாக 3 ஆக்கலாம். சுழலும் தட்டுக்கு இதனால் நட்டமில்லை: நொடிக்கு 3 ஜிகாபிற் என்றால் சுமார் 300 மெகாபைற் போகும், பழைய தட்டு ஒன்று அந்த வேகத்தில் வாசிப்பதேயில்லை. மின் சேமிப்புக்காக இணைப்பை உறங்கவிடும் அமைப்பை நிறுத்துவதும், யூஎஸ்பி தட்டுக்களில் ‘யூஏஎஸ்’ என்ற வேக முறையை நிறுத்துவதும் சில கணினிகளில் பலன் தரும். ஆனால் இவை கடைசியாகச் செய்பவை. தளர்ந்த வயருக்கு அமைப்பை மாற்றுவது, ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைப்பது போன்றது.

தட்டுத்தான் என்று தெரிந்தால்

இங்கேதான் எமது கெட்ட முடிவைச் சொல்ல வேண்டும். பெரியம்மாவின் கலியாண வீடியோவை விஎச்எஸ் கசெற்றிலிருந்து மாற்றி ஒரு தட்டில் வைத்திருந்தோம். மொத்தம் 19 கோப்புக்கள். மாற்றியாயிற்றே என்று கசெற்றையும் எறிந்துவிட்டோம். தட்டு உறையத் தொடங்கியபோது பதிவேட்டில் ‘டைம்அவுட்’, ‘லிங்க்’ என்ற சொற்களைக் கண்டு மூன்று தடவை வயர் மாற்றினோம். 197 இல் முதல் நாள் 8 இருந்தது. அதன் பொருள் எமக்குத் தெரியாது. அடுத்த நாள் 24. எஃப்எஸ்சிகே வேறு ஓட்டினோம். நாலாம் நாள் தட்டிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம். கடைசியில் 8 கோப்புக்களே மிஞ்சின. தாலி கட்டும் பகுதி அவற்றுள் இல்லை. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. “அதுக்கென்ன, நான் கண்டதுதானே” என்றார். அதைக் கேட்கத்தான் எமக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது.

முதல் நாளே செய்திருக்க வேண்டியது இதுதான். தட்டை இணைப்பில் ஏற்றாமல், அதற்கு மேல் அளவுள்ள வெறுமையான இன்னொரு தட்டை வாங்கி, ‘ஜிஎன்யு டிடிரெஸ்கியூ’ என்ற கருவியால் முழுத் தட்டையும் அப்படியே பிரதியெடுப்பது. உபுண்டுவில் அதன் பொதிக்கு ‘ஜிடிடிரெஸ்கியூ’ என்று பெயர். சாதாரணப் பிரதி பழுதான இடத்தில் முட்டி நின்றுவிடும். இது இலகுவில் வாசிக்கக்கூடியதை முதலில் அள்ளிவிட்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதை எடுத்தது, எதை எடுக்கவில்லை என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதி வைப்பதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கட்டளையில் மூலம் முதலில், சேரிடம் அடுத்து, வரைபடக் கோப்பு கடைசியில். மூலத்தையும் சேரிடத்தையும் மாற்றி எழுதினால் வெறுமையான தட்டு உங்கள் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். தாளில் எழுதிய தொடரிலக்கம் உதவுவது இப்போதுதான். எஃப்எஸ்சிகே போன்ற திருத்தங்களைப் பிரதியில் செய்யுங்கள். மூலத்தில் கைவைக்க வேண்டாம்.

‘டக், டக்’ என்ற சத்தமோ உரசும் ஒலியோ கேட்டால் இதையும் செய்யக்கூடாது. உடனே நிறுத்துங்கள். வாசிக்கும் தலை தட்டின் மேல் உரசலாம். ஒவ்வொரு நிமிடமும் இழப்பு. பிறீசரில் வைப்பது, மேசையில் வைத்துத் திறந்து பார்ப்பது போன்ற கைமருந்துகள் வேண்டவே வேண்டாம். தூசற்ற அறை உள்ள மீட்பு நிலையத்துக்குப் போவதா என்று தீர்மானிக்க வேண்டிய நேரம் அது. அந்த ஆயிரம் டொலர் அப்போது நியாயமான கேள்வி. ஆனால் அதைக் கேட்கும் முன் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது, 197 எவ்வளவு, 199 எவ்வளவு என்று யாரிடம் கொடுத்தாலும் கேளுங்கள்.

பிரதி

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் வேலைசெய்த ஹென்றி ஸ்பென்சர் என்பவர், இணையம் பொதுமக்களிடம் வருவதற்கு முந்தைய காலத்து ‘யூஸ்நெற்’ உரையாடல்களை 1981 முதல் 1991 வரை காந்த நாடாக்களில் சேமித்து வந்தார். 141 நாடாக்கள். பின்னர் லண்டன், ஒன்ராறியோவில் உள்ள வெஸ்ரேண் பல்கலைக்கழகத்தில் அவை ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டுப் பிரதியெடுக்கப்பட்டன. 2001 இல் உலகம் முழுவதும் பார்க்கக் கிடைத்தன. நாடா வாசிக்கும் இயந்திரங்கள் முற்றாக மறைவதற்குள் யாரோ இருந்து பிரதியெடுத்ததால்தான் அந்தப் பத்து வருடப் பேச்சு இன்று இருக்கிறது.

ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருப்பதன் ஆபத்தை எமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றுள் வேறெங்கும் இல்லாத சுவடிகளும் இருந்தன. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை வருடி இணையத்தில் வைப்பதன் பின்னால் அந்த நினைவும் இருக்கிறது. எமது வீட்டு வன்தட்டுக்களும் சிறிய நூலகங்களே.

அப்பாவின் ஒலிப்பதிவு இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது: பேஸ்மென்ற் கணினியில், அலுமாரிக்குள் ஒரு வெளித்தட்டில், மார்க்கத்தில் தங்கை வீட்டில் இன்னொன்றில். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் மூன்றையும் செருகி, 197 ஐயும் 199 ஐயும் பார்த்து, ஒரு கொப்பியில் எழுதுகிறோம். கால் மணி நேர வேலை. பழைய சிவப்பு வயரை எறிந்துவிட்டோம். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழுதென்று தெரிந்த வயரை ‘எப்பவாவது உதவும்’ என்று லாச்சிக்குள் வைப்பவர்கள் நாம்.